கரையாத இடம்

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், கரும்பாறை காலனிக்கு முதலில் திரும்பி வந்தவர் லோடுமேன் வீரய்யா. அவர் செத்துப் பல வருஷமாகியிருந்தது. அணைப் பக்கமிருந்து மலையேறி வரும் தார்ச்சாலையில், முழங்கால் வரை வண்டல் அப்பியிருக்க, அவசரமில்லாமல் நடந்து வந்து, தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். தேயிலைக் கொழுந்துக்கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய அவர் மனைவி, கூடையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு சாக்கை எடுத்துவந்து அவர் காலடியில் விரித்தாள். “பாதையெல்லாம் வழுக்குதா?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பிறகு வந்தவர்களும் யாரிடமும் எதுவும் பேசவில்லை.

மறுநாள் ஐந்தாறு பேர் வந்தார்கள். மழை ஓய்வதற்குள் காலனியில் ஏறக்குறைய எல்லா வீட்டுப் பின்புறத்திலும் ஒருவராவது உட்கார்ந்திருந்தார்கள். எங்கிருந்து வருகிறார்கள் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு இந்த மலையில் தேயிலை வேலையும் வரிசை வீடுகளும் கொடுத்தபோது, செத்தவர்களைப் புதைக்க எதற்கும் ஆகாத ஒரு சரிவைக் காட்டியிருந்தார்கள்; அப்புறம் அந்தச் சரிவுக்கு மேலே காட்டை வெட்டி யாரோ கேரட் போட்டார்கள், கேரட் தோட்டத்துக்கும் மேலே மலையைச் செதுக்கி யாரோ சொகுசு விடுதி கட்டினார்கள், மழைக்கு மழை சரிவு மெலிந்துகொண்டே வந்து, முந்தின வருஷத்துப் பெருமழையில் இடுகாடு மொத்தமும், சிலுவைகளும் செங்கல் சமாதிகளும் நட்டுவைத்த செவ்வரளிகளும் உட்பட, குழம்பாகி ஓடையில் இறங்கியது. ஓடை ஆற்றில் விட்டது, ஆறு அணையில் கொண்டுபோய்க் கொட்டியது. அவ்வளவு தூரம் போனவர்கள் அவ்வளவு தூரம் நடந்து திரும்பியிருந்தார்கள்.

புஷ்பகாந்தியின் மகள் தமயந்தி எல்லோருக்கும் பின்னால், வெயிலடித்த ஒரு மத்தியானத்தில் வந்தாள். நாலு வயதில் காய்ச்சலில் போன பிள்ளை, சின்னக் கால்கள், தாமதமானதில் ஆச்சரியமில்லை. தேயிலை பாக்டரியில் மூட்டை ஏற்றும் அவள் அப்பா சந்தனராசு கதவைத் திறந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் பிள்ளையைத் தொடவில்லை. தேயிலைக் காட்டுக்கு ஓடி, பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த வரிசையின் ஓரத்தில் மூச்சிரைக்க நின்றான்.

“காந்தி, பாப்பா வந்துருச்சு.”

புஷ்பகாந்தி கையிலிருந்த கொழுந்தைக் கூடைக்குள் போட்டாள். “தனியாவா வந்தா?” என்று கேட்டாள். பிறகு கூடையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள், ஓடவில்லை, ஓடினால் போய்ச் சேர்வதற்குள் ஏதாவது மாறிவிடும் என்பதுபோல.

காலனி அவர்களுக்குப் பழகிக்கொண்டது. செத்தவர்கள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரையும் பயமுறுத்தவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய்கள் ஒருநாள் குரைத்துவிட்டு மறுநாள் அவர்கள் காலடியில் சுருண்டு படுத்தன. மாதா கோயில் உபதேசியார் ஜெபித்துவிட்டுப் போனார், மாரியம்மன் கோயில் பூசாரி விபூதி போட்டுவிட்டுப் போனார், இரண்டு பேருமே இது தங்கள் சாஸ்திரத்தில் இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் வீட்டில், அப்பா யார் வீட்டுப் பின்புறத்தில் உட்காருவது என்று அண்ணன் தம்பிகள் சண்டை போட்டு, மாதத்துக்கு ஒரு வீடு என்று முடிவானது. மறுமணம் செய்துகொண்ட ஒருத்தியின் முதல் கணவன் வந்து உட்கார்ந்தபோது, இரண்டாவது கணவன்தான் குடையை விரித்து அவன் தலைக்கு மேல் கட்டிவைத்தான். கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை வந்து பார்த்தார். இறப்புச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது, கொடுத்ததைத் திரும்ப வாங்க விதி கிடையாது, ஆகவே இங்கே யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, வீரய்யாவின் காலை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனார்.

தாங்க முடியாதது வேறொன்றாக இருந்தது. மண்ணாலான உடம்போடு வந்தவர்கள் கரைந்துகொண்டிருந்தார்கள். தூறல் பட்டால் தோளோரம் குழைந்து வழிந்தது, வெயில் பட்டால் நெற்றி வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தார்ப்பாய் கட்டினார்கள், வெயிலில் ஈரத்துணி போர்த்தினார்கள். பெரிய ஆட்கள் தாக்குப்பிடித்தார்கள். தமயந்தி பொடிமண்ணாக இருந்தாள். ஒருநாள் புஷ்பகாந்தி வாசல் கூட்டும்போது முறத்தில் சேர்ந்த மண்ணுக்குள் சுண்டுவிரல் அளவில் ஒரு கட்டி கிடந்தது. உள்ளே போய்ப் பிள்ளையின் கையைப் பார்த்தாள். பிறகு முறத்தோடு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் சமைக்கவில்லை.

மறுபடி புதைத்தால் அடங்குவார்கள் என்று பழைய சரிவிலேயே குழி வெட்டிப் பார்த்தார்கள். அவர்களும் மறுக்காமல் குழிக்குள் இறங்கிப் படுத்தார்கள். அடுத்த மழைக்குச் சரிவு இன்னொரு அடுக்கு இறங்கியது, ஒரு வாரம் கழித்து எல்லோரும் தார்ச்சாலையில் ஏறி வந்தார்கள், போனபோது இருந்ததைவிட மெலிந்து. தமயந்திக்கு ஒரு காது இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெனிட்டா வந்து சேர்ந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், மண்ணரிப்பை ஆராயும் ஒரு திட்டத்தில் வேலை. அணை சீக்கிரம் சீக்கிரமாகத் தூர்ந்துவருகிறது, தூர்க்கிற மண் மலையில் எங்கெங்கிருந்து இறங்குகிறது, இனி எங்கெங்கே இறங்கும் என்று இந்த நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் வரைபடம் போட அனுப்பியிருந்தார்கள். ரேஷன் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கிக்கொண்டு, தினமும் கையில் ஜி.பி.எஸ். கருவியோடு சரிவெல்லாம் ஏறி இறங்கி, அங்கங்கே மண்ணைத் துளைத்து எடுத்துப் பைகளில் போட்டாள். வீரய்யா உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு புள்ளி எடுக்க வேண்டியிருந்தபோது, “கொஞ்சம் காலை நகத்துறீங்களா ஐயா,” என்றாள். அவர் நகர்த்தினார். அன்றிலிருந்து காலனியில் அவளுக்கு எந்த வீட்டிலும் டீ கிடைத்தது.

மார்கழி பிறந்தபோது வரைபடம் தயாராகிவிட்டது. சமுதாயக் கூடத்துச் சுவரில் அதை ஒட்டி, எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினாள். செயற்கைக்கோள் எடுத்த படத்தின்மேல், மழை எவ்வளவு அடிக்கிறது, மண் எவ்வளவு பிடிப்பாக இருக்கிறது, சரிவு எவ்வளவு செங்குத்து, மேலே எது மூடியிருக்கிறது, மனிதர்கள் தடுப்பு ஏதாவது போட்டிருக்கிறார்களா என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கணக்குப் போட்டால் இப்படி நிறமாக வரும். கருஞ்சிவப்பு என்றால் மண் நிற்காது, கரும்பச்சை என்றால் போகாது, நடுவில் மற்ற நிறங்கள். பழைய இடுகாடு, உலர்ந்த ரத்தத்தின் நிறத்தில் இருந்தது. வார்டு மெம்பர் கருத்தபாண்டி எழுந்து நின்றார்.

“மேடம், அணையில மண்ணு சேர்றத அரசாங்கம் பாத்துக்கட்டும். எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த மலையில பச்சையா எங்க இருக்கு?”

“எதுக்குண்ணா?”

“எங்க ஆளுங்கள வைக்கணும்.”

பெனிட்டா வரைபடத்தின் பக்கம் திரும்பி விரலால் தேடினாள். மலையுச்சியில் கரும்பச்சையாக இருந்தது சோலைக்காடு. காப்புக்காட்டுக்குள் விறகு பொறுக்கப் போனாலே வழக்குப் போடுவார்கள். அதற்குக் கீழே, சதுரமாக வெட்டி ஒட்டினாற்போல ஒரு பச்சை. அது விடுதியின் புல்வெளி.

மறுநாள் கருத்தபாண்டியும் சந்தனராசும் புஷ்பகாந்தியும் விடுதிக்குப் போனார்கள். வரைபடத்தோடு பெனிட்டாவையும் அழைத்துக்கொண்டு போனார்கள். விடுதி முதலாளி ஆனந்தராமன் மரியாதையான மனிதர். எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, முழுவதையும் கேட்டார்.

“உங்க வருத்தம் எனக்குப் புரியுதுங்க. ஆனா இங்க வந்து தங்குறவங்க நிம்மதிக்காக வர்றாங்க,” என்றார்.

“எங்க ஆளுங்களும் அதுக்குத்தான் சார் வந்திருக்காங்க,” என்றார் கருத்தபாண்டி.

ஆனந்தராமன் தலைகுனிந்து யோசித்தார். புல்வெளியைத் தர முடியாது, ஆனால் விடுதிக்குப் பின்னால் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது, அதை எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்றார். அவர் கைகாட்டிய ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். விடுதியின் கழிவுநீர்க் குழாய் அந்தச் சரிவின் தலையில்தான் வந்து முடிந்தது.

“அது செவப்பு சார்,” என்றாள் பெனிட்டா.

“அது உங்க வரைபடத்துல,” என்றார் அவர், கோபமில்லாமல்.

இறங்கி வரும்போது புஷ்பகாந்தி வரைபடத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். வளைவில் நின்று அதை விரித்து, காலனி இருந்த இடத்தில் விரலை வைத்தாள். அங்கே ஆரஞ்சுக்கு நடுவில் கடுகு தூவினாற்போலச் சின்னச் சின்னப் பச்சைகள் வரிசையாக இருந்தன.

“இது என்ன மேடம்?”

“அது உங்க வீடுங்கக்கா. மேல கூரை, கீழ சிமெண்டுத் தரை. மழை மண்ணைத் தொடாதுல்ல, அதனால கணக்குல பச்சைன்னு வரும்.”

புஷ்பகாந்தி கணவனைப் பார்த்தாள். அவன் அவளுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தான்.

“வேண்டாம்ணா,” என்றாள் பெனிட்டா. “இந்தப் படம் மேல்மண்ணைத்தான் பாக்கும். அடியில மலை எப்படி நிக்குதுன்னு இதுக்குத் தெரியாது. தரையைத் தோண்டினா தண்ணி உள்ள இறங்கும்.”

“அடியில எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டான் சந்தனராசு.

“அதுக்கு வேற ஆய்வு பண்ணணும். எழுதிக் கேட்டிருக்கேன்.”

“அது எப்ப வரும்?”

அவளால் சொல்ல முடியவில்லை. “அதுவரைக்கும் பாப்பா இருக்குமா மேடம்?” என்று சந்தனராசு கேட்டான். பெனிட்டா தோள்பையை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.

மார்கழிப் பனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தனராசு கடப்பாரையால் அடுப்புக்குப் பக்கத்துத் தரையை உடைத்தான். குழி இடுப்பளவு போனதும் புஷ்பகாந்தி பிள்ளையைத் தூக்கிவந்தாள். உயிரோடு இருந்தபோது இருந்த கனத்தில் பாதிகூட இல்லை. குழிக்குள் வைத்ததும் தமயந்தி, வழக்கமாகத் தூங்குகிற மாதிரியே, சுவர்ப் பக்கமாகத் திரும்பி ஒருக்களித்துப் படுத்தாள். புஷ்பகாந்தி தன் கல்யாணச் சேலையை நாலாக மடித்துப் போர்த்தினாள். சந்தனராசு மண்ணைக் கையாலேயே அள்ளிப் போட்டு, சிமெண்டு பூசி, கரண்டியின் பின்பக்கத்தால் இழைத்தான். அடுத்த மழைக்கு அவள் எழுந்து வரவில்லை. அது தெரிந்ததும் காலனி முழுக்கக் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

அந்தச் சில மாதங்களைக் காலனிக்காரர்கள் அப்புறம் எவ்வளவோ தடவை பேசிக்கொண்டார்கள். யாரும் வீட்டுக்குள் அதிர்ந்து நடக்கவில்லை, சுடுசோற்றுக் கஞ்சியைத் தரையில் வடிக்கவில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்கு, எந்த இடத்தில் உலக்கை போடக் கூடாது என்று மாமியார்கள் முதல்நாளே காட்டிக்கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்து சத்தம்போடும் ஆண்கள்கூட, தகப்பன் படுத்திருக்கும் இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். புஷ்பகாந்தி அடுப்பெரித்துக்கொண்டே அன்றன்றைக்கு நடந்ததையெல்லாம் தரையிடம் சொன்னாள். பாய் விரிக்க நல்ல இடமிருந்தும், அவளும் சந்தனராசும் அடுப்படியிலேயே படுத்தார்கள். பெனிட்டாவின் வரைபடத்தை மாவட்டக் கூட்டத்தில் காட்டிப் பாராட்டினார்கள். அடியாழ ஆய்வைப் பற்றி அவள் எழுதியதற்குப் பதில் வரவில்லை. புதிய செயற்கைக்கோள் படம் வந்ததும் அவள் முதலில் காலனியைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாள். எல்லா வீடும் முன்போலவே பச்சையாக இருந்தது, வானத்திலிருந்து பார்க்கிற எதற்கும் கூரைக்குக் கீழே தெரியாது என்பதால்.

ஆடியில் மழை பிடித்தது. பாறையைப் பிளக்கிற மாதிரி இரவும் பகலும் கொட்டியதில், விடுதிக் குழாய்க்குக் கீழே இருந்த சரிவு முதலில் வாய்பிளந்தது. எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஜனங்கள் ரேஷன் கார்டையும் துணிமூட்டையையும் எடுத்துக்கொண்டு, தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். புஷ்பகாந்தி மட்டும் அடுப்படியில் உள்ளங்கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். சந்தனராசு சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தான். பெனிட்டா நனைந்தபடி உள்ளே வந்தாள்.

“உடைச்சு எடுத்துட்டு வந்துடவா?” என்று கேட்டாள் புஷ்பகாந்தி. “மடியிலயே வச்சுக்குவேன். சொல்லு பெனிட்டா.” அதுவரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பெனிட்டா கதவு வழியாக மழையைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் இரண்டு வளைவு தள்ளி இருந்தது. “வெளிய எடுத்தா வாசலத் தாண்டுறதுக்குள்ள கரைஞ்சுருவாக்கா. இங்கேயே இருக்கட்டும். மேல கூரை இருக்கு,” என்றாள்.

புஷ்பகாந்தி அவளை நம்பினாள்.

மறுநாள் சாயங்காலம், இன்னும் வெளிச்சமிருந்தபோதே, பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நின்று கஞ்சி வாங்கிக்கொண்டிருந்தவர்கள், எதிர்ச்சரிவில் தங்கள் காலனி தோளிலிருந்து சேலை நழுவுவதுபோல நழுவிப் போவதைப் பார்த்தார்கள். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த பெண், கரண்டியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தாள். பத்திரிகையில் நாற்பது வீடுகள் போனதாகவும் உயிர்ச்சேதம் எதுவும் இல்லையென்றும் போட்டிருந்தார்கள். கருத்தபாண்டி அதை உரக்கப் படித்துவிட்டு, கடைசி வரியை இன்னொரு தடவை தனக்குள் படித்தார்.

மழை நின்றதும் ஜனங்கள் தார்ச்சாலை வளைவில் போய்க் காத்திருக்கத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது அங்கே நின்றார்கள், வேலையில்லாதவர்கள் நாள் முழுக்க நின்றார்கள். வீரய்யா வந்தார், இந்தத் தடவை மூங்கில் கழிபோல ஒல்லியாக. சிலர் முகமே இல்லாமல் வந்தார்கள், அவர்களை யாரென்று கண்டுபிடிக்க முடியாமல், யாருடைய ஆள் வரவில்லையோ அவர்கள் அழைத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது கணவன், வந்தது மனைவியின் பழைய கணவன்தானா என்று தெரியாமலேயே, ஒருவரைக் கூட்டிப்போய் நிவாரணக் கொட்டகையில் தன் பாயில் உட்காரவைத்தான். கார்த்திகையோடு வருவது நின்றது. தமயந்தி வரவில்லை. மற்றவர்கள் நிற்பதை விட்டுவிட்ட பிறகும் புஷ்பகாந்தி நின்றாள். அவளைக் கடந்து போகும் லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் போகப் பழகினார்கள்.

பங்குனியில் அணைத் தண்ணீர் வற்றியபோது பெனிட்டாதான் வந்து அழைத்தாள். மூன்று பேரும் பஸ்ஸில் இறங்கிப் போனார்கள். தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் வண்டல், கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும், மலையில் எங்குமே காணமுடியாத கறுப்பில், காய்ந்து தகடு தகடாக வெடித்துக் கிடந்தது. சந்தனராசு ஒரு தகட்டை எடுத்து முகர்ந்து பார்த்தான். “நம்ம காலனி மண்ணுதான்,” என்றான். யாருடைய கூரைத் தகரமோ ஓரிடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

“உன் படத்துல இந்த இடத்துக்கு என்ன கலர்?” என்று கேட்டாள் புஷ்பகாந்தி.

“கலர் இல்லக்கா. மண்ணு போற இடத்துக்குத்தான் கலர் போட்டேன். வந்து சேர்ற இடத்த வெள்ளையா விட்டுட்டேன்.” குனிந்து ஒரு தகட்டைத் தொட்டபடி, “அன்னிக்கு நான் சொல்லாம இருந்திருந்தா நீங்க அவள எடுத்துட்டு வந்திருப்பீங்க,” என்றாள்.

“வாசல்ல கரைஞ்சிருப்பா. நீ பொய் சொல்லலையே,” என்றாள் புஷ்பகாந்தி. அதில் மன்னிப்பு இருந்ததா என்று பெனிட்டாவுக்குத் தெரியவில்லை.

தண்ணீரோரமாக நடந்தபோது சந்தனராசுதான் முதலில் பார்த்தான். தண்ணீர் நின்ற எல்லையிலிருந்து ஒரு காலடித் தடம் கிளம்பியிருந்தது, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பாதம், ஐந்து விரலும் தெளிவாக. மலையைப் பார்த்துப் போயிருந்தது. மூவரும் அதன் இரண்டு பக்கத்திலும், மிதித்துவிடாமல், கூடவே நடந்தார்கள். ஒரு இடத்தில் தடம் வளைந்து ஒரு முள்மரத்தைச் சுற்றிப் போயிருந்தது. ஒரு இடத்தில் உட்கார்ந்து எழுந்த அடையாளம் இருந்தது. கரையை நெருங்க நெருங்கத் தடத்தின் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. விரல்கள் மங்கின, பிறகு குதிகால் மங்கியது, பாதமே நாணல் இலை அளவுக்கு ஒடுங்கியது. சாலை ஏறும் மேட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரமே இருந்த இடத்தில் ஒரு பிடி மண் குவிந்து கிடந்தது. அதற்கப்பால் எதுவும் இல்லை.

புஷ்பகாந்தி மண்டியிட்டாள். முந்தானையை விரித்து, அந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளிவைத்து, ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்து, முடிந்துகொண்டாள். “நடந்திருக்கா பாரேன்,” என்றாள் கணவனிடம். சந்தனராசு தலையாட்டினான். பெனிட்டா கொஞ்சம் தள்ளிப் போய் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அணை அலுவலகத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி அவர்களோடு பஸ் ஏறவில்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. புஷ்பகாந்தி ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, முடிச்சை மடியில் வைத்து, வளைவுகளில் குலுங்காதபடி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கண்டக்டர் மலைப்பாதையில் வருஷக்கணக்காக ஓடுகிறவர். எத்தனையோ மழைக்காலத்தில் சாலையோரம் ஏறிப் போகிறவர்களைப் பார்த்தவர். அவள் மடியைப் பார்த்து, “பிள்ளைக்கு எத்தனை வயசும்மா?” என்று கேட்டார்.

“நாலு.”

“அப்ப டிக்கெட் வேணாம்.” சந்தனராசுவின் பக்கம் திரும்பினார். “எங்க இறங்கணும்?”

சந்தனராசு வாயைத் திறந்தான். கொட்டகையைக் காலிசெய்யச் சொல்லிப் போன வாரமே சொல்லிவிட்டிருந்தார்கள், காலனி இருந்த இடத்தில் ஸ்டாப்பும் இல்லை. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் முடிச்சின்மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் சீட்டுக்கட்டில் விரலை வைத்தபடி, அவர்கள் சொல்லட்டும் என்று, கம்பியில் சாய்ந்து நின்றார். பஸ் முதல் வளைவில் ஏறியது.